அலாரம் மாட்டிய வண்டியும் தூக்கம் தொலைந்த மூன்று மாதமும்

எங்கள் தெருவில் ஆவணி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பைக் காணாமல் போயின. ஒன்று எதிர்வீட்டுப் பையனுடையது. பூட்டிய ஹேண்டிலை உடைத்துத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். நான் இருப்பது சென்னை அம்பத்தூரில், மாடியில் ஹவுஸ் ஓனர், கீழே மூன்று போர்ஷன். வண்டியை நிறுத்த வாசலை விட்டால் வேறு இடம் கிடையாது. எனக்கு செகண்ட் ஷிஃப்ட், வீடு வந்து சேரவே பன்னிரண்டாகிவிடும். அதற்கப்புறம் படுத்தாலும் காது வாசலிலேயே இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஒரு ஞாயிறு விட்டு திங்கள், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு பைக் அலாரம் வாங்கினேன். மாட்டக் கூலி 500. கடைப் பையன் பிளாட்பாரத்திலேயே சீட்டைக் கழற்றி, டேங்க்கைத் தூக்கி, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டான். "அண்ணே, இனிமே ரிமோட்லயே ஸ்டார்ட் ஆகும்ணே" என்று ஒரு தடவை உறுமவிட்டும் காட்டினான். போனால் போகிறதென்று ஒரு மொபைல் சார்ஜரையும் சேர்த்து மாட்டிக் கொடுத்தான், இலவசமாக. அந்த இலவசத்துக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி 2016 மாடல், 150 சிசி, கார்புரேட்டர், செல்ஃப் உள்ளது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும் எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்; அதில் ஈசியூ எனும் குட்டிக் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் என்று வேறு கதை. அந்த வண்டிகளில் கம்பெனி வயரை வெட்டி ஒட்டுகிற வேலைக்கே போகாதீர்கள். வாரன்ட்டியும் போகும், ஈசியூவுக்கு ஏதாவது ஆனால் அதன் விலையில் பல அலாரம் வாங்கலாம். நான் எழுதுவது என்னுடையது மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு.

முதல் தொல்லை ரிமோட் ஸ்டார்ட். நான் வண்டியை எப்போதும் கியரில் போட்டு நிறுத்துகிறவன், வாசல் சரிவு. நாலாம் நாள் சாவிக்கொத்தைப் பையில் துழாவும்போது பட்டன் இரண்டு முறை அமுங்கிவிட்டது. வண்டி அப்படியே முன்னால் துள்ளி, ஸ்டாண்ட் மடங்கி, ஓனரம்மாவின் துளசி மாடத்தில் போய் முட்டி நின்றது. கம்பெனி வயரிங்கில் கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுக்காது. அலாரத்தின் வயர் நேராக ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு (செல்ஃபை இயக்கும் மின் சுவிட்ச்) போய்விடுவதால் அந்தப் பாதுகாப்பையெல்லாம் தாண்டிவிடுகிறது. குழந்தை நடமாடுகிற வாசல் என்றால் நினைத்துப் பார்க்கவே பயம். அன்றைக்கே அந்த ஒற்றை வயரைக் கழற்றி, முனையை மூடிக் கட்டிவைத்தேன். நீங்களும் மாட்டும்போதே "செல்ஃப் வயர் கொடுக்காதே தம்பி" என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இந்த ரிமோட்களில் வழிப்பறி நடந்தால் ஓடுகிற வண்டியை அணைக்க என்று ஒரு பட்டன் இருக்கும். பேன்ட் பாக்கெட்டில் சாவியோடு போட்டால் அது தானாக அமுங்கும். ஓட்டும்போது இன்ஜின் கட்டானால் முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்.

அப்புறம் இராத்திரிகள். முதல் மழை பெய்ததிலிருந்து, வண்டியை யாரும் தொடாமலே அலாரம் அலற ஆரம்பித்தது. ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை. லுங்கியோடு ஓடிவந்து பார்த்தால் தெரு நாய்கூட இருக்காது. சென்சாரின் உணர்திறனை ரிமோட்டில் குறைத்தேன், பிரயோஜனமில்லை. ஓனரம்மா ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டோடு நின்றபடி, "தம்பி, உங்க வண்டி திருடு போனாக்கூடப் பரவாயில்ல, எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர்" என்றார். தீபாவளி சமயத்தில் சரவெடிக்கும் அலாரத்துக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தேன். வண்டி செத்துக் கிடந்தது. செல்ஃப் போட்டால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக், "மூணு வருஷ பேட்டரி, போயிருக்கும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. புது பேட்டரி 1,550. பத்து நாள் ஒழுங்காக ஓடியது. காய்ச்சலில் மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை, மறுபடியும் அதே "டக்". புது பேட்டரியே இறங்குகிறது என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று முடிவு கட்டி, சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரை மாற்றினார். பொருள் 850, கூலி 300. மாற்றுவதற்கு முன் அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. இதில் அவரைச் சொல்லி என்ன, மூன்று வண்டி வரிசையில் நிற்கிறது, நான் பக்கத்தில் நின்று "சீக்கிரம்ணே, ஷிஃப்ட்டுக்குப் போகணும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மழையில்தான் உச்சம். இரவு பதினொன்றரை, பாடி மேம்பாலத்தில் வளைந்து ஏறுகிறேன். லைட் எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி, அவன் அடித்த பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து கிக்கரை உதைத்து உதைத்து முட்டி வலி கண்டதுதான் மிச்சம். கோபத்தில் டேங்க்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த உதையில் ஸ்டார்ட். அந்தத் தட்டு எவ்வளவு பெரிய துப்பு என்று அன்றைக்கு உறைக்கவில்லை. மறுநாள் மெக்கானிக்கிடம் போனால் வண்டி சமர்த்தாக ஓடுகிறது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், 200 ரூபாய். மூன்றாம் நாள் கொரட்டூர் பக்கம் முழுதாக நின்றுவிட்டது. தட்டியும் வரவில்லை, தடவியும் வரவில்லை. லோடு ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவர 700, அரை நாள் சம்பளமும் போயிற்று. வாசலில் வந்து நின்றதும், ஆட்டோவில் கட்டிய கயிற்றை அவிழ்க்கும்போதே அலாரம் ஒரு முறை அலறியது பாருங்கள், அப்படியே சுத்தியலை எடுத்து அடிக்கலாமா என்றிருந்தது.

அடிக்கவில்லை. அடுத்த வார லீவில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 480 ரூபாய்க்கு வோல்ட், கரன்ட் எல்லாம் அளக்கிற ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 10 ஆம்பியர் வரை கரன்ட் அளக்கத் தனி ஓட்டை இருக்க வேண்டும். பள்ளிக்கூட பிசிக்ஸுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அது போதுமாக இருந்தது.

பேட்டரியில் ஆரம்பித்தேன். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை வெளியே கொடுத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றி மாட்டி, வண்டியை எப்படியோ ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளந்தேன்: 14.2. சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது. வீட்டில் மூலையில் கிடந்த பழைய ரெகுலேட்டரை எடுத்து மாட்டி அளந்தேன். 14.1. ஒரு நிமிஷம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். 1,150 ரூபாய், பாயின்ட் ஒரு வோல்ட்டுக்கு.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் நிற்கும்போது இறங்குகிறது என்றால் எதுவோ குடிக்கிறது. அதைப் பிடிக்க, சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். முதலில் 10 ஆம்பியர் ஓட்டையில் வைத்துப் பாருங்கள். சிறிய அளவுதான் என்று உறுதியான பிறகே மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் தப்பித் தவறியும் சாவியைப் போடக்கூடாது. நான் போட்டேன். மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போய், கடைக்கு நடந்து பத்து ரூபாய் ஃபியூஸ் வாங்கி வந்தேன். ரிமோட்டில் லாக் செய்து, ஒரு நிமிஷம் பொறுத்து, எண் நிலைக்கு வந்தபின் பார்த்தால் 50 மில்லி ஆம்பியர் சுற்றி நின்றது. அலாரத்தின் கனெக்டரை உருவினேன், 30-க்கு இறங்கியது. அப்படியென்றால் அலாரம் 20, மீதி 30 யாருடையது? சார்ஜரின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு நீல விளக்கு, செப்டம்பரிலிருந்து இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. சாவிக்கு அப்புறம் இணைக்க வேண்டியதை, பையன் அலாரத்தோடு சேர்த்து நேரே பேட்டரியிலேயே கொடுத்திருந்தான். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். என் பேட்டரியின் கொள்ளளவே 5 ஆம்பியர்-அவர். நாலு நாள் கணக்கு, தீபாவளி லீவு கணக்கு, இரண்டும் அச்சாகப் பொருந்தியது. முழுதாக வற்றுவதற்கு ரொம்ப முன்னாலேயே செல்ஃப் எடுக்காமல் போய்விடும் என்பதால் காய்ச்சல் வந்த மூன்று நாளே போதுமானதாக இருந்தது. பழைய பேட்டரியும் ஒருவேளை நன்றாகத்தான் இருந்திருக்கும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன், இனி தெரிய வழியில்லை.

இன்ஜின் நிற்பதற்கு வருகிறேன். இந்த அலாரங்கள் திருடனைத் தடுப்பதே இன்ஜினை உயிர்பெற விடாமல் செய்வதால்தான். சிடிஐ என்பது பிளக்கில் தீப்பொறி வரவைக்கிற பெட்டி. என் வண்டியில் டிசி சிடிஐ, அதாவது சாவி போட்டதும் பேட்டரியின் 12 வோல்ட் சிடிஐக்குப் போனால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். அந்த வயரை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் அலாரத்துக்குள் இருக்கும் ரிலே வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். அதனால்தான் அலாரக் கனெக்டரை உருவினால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. பழைய ஏசி சிடிஐ வண்டிகளில் இது தலைகீழ்: அங்கே அணைப்பதற்கான வயரை எர்த்தில் தொட்டால்தான் இன்ஜின் நிற்கும். இரண்டையும் குழப்பி மாட்டினால் அலாரமே எரிந்துபோகும், ஏனென்றால் ஏசி வண்டியில் சிடிஐக்குக் கரன்ட் கொடுக்கும் காயிலிலிருந்து வருவது நூறு வோல்ட்டுக்கு மேல். மாட்டுகிறவரிடம் "இது ஏசியா டிசியாண்ணே" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டேங்க்கைத் தூக்கினேன். இடது பக்கம், கம்பெனி வயர் கட்டுக்கு மேலே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. இன்சுலேஷன் டேப். இன்ஜின் சூட்டில் அதன் பசை உருகி வழிந்து, தொட்டதும் கையில் தார் மாதிரி ஒட்டியது. டேப்பைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை, உறை கழல்வது போல் தானே வழுக்கி வந்தது. உள்ளே இரண்டு வயரையும் கையால் முறுக்கிவிட்டிருக்கிறான், ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சால்டரும் இல்லை, கனெக்டரை நசுக்கி இறுக்கும் கிரிம்ப்பும் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. முழுசாக இருந்தவை மூன்றோ நாலோ இழைதான். இங்கேதான் மீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் "பீப்" சத்தம் வரும் சோதனையை வைத்துப் பார்த்தேன், ஜோராகப் பீப் அடித்தது. ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். வேலை செய்கிற அளவுக்குக் கரன்ட்டைத் தாங்குமா என்று அது சொல்லாது. இன்ஜின் ஓடும்போது வோல்ட்தான் அளக்க வேண்டும். முறுக்கை இறுக்கிப் பிடித்து எப்படியோ ஓடவைத்து அளந்தேன்: ஐட்லிங்கில் பேட்டரியில் 13-க்கு மேல், சிடிஐ பக்கம் 10.6, அதுவும் குதித்துக்கொண்டே. பாடி மேம்பாலத்தில் நான் தட்டியது டேங்க்கை இல்லை, இந்த உருண்டையை.

வெட்டிய அந்த இடத்தில் இரண்டு முனையிலும் புல்லட் கனெக்டர் கிரிம்ப் செய்தேன், ஒன்று ஆண், ஒன்று பெண். அலாரத்திலிருந்து வரும் முனைகளுக்கும் அதேபோல். மேலே, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இப்போது அலாரம் மக்கர் செய்தால் நடுரோட்டிலேயே இரண்டையும் உருவி, கம்பெனி வயரை நேருக்கு நேர் சொருகி வீடு வந்துவிடலாம். அலாரம் மாட்டக் கொடுப்பவர்கள் வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுங்கள். டேப் சுற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம்.

நடுராத்திரி அலறல் கடைசியாகத்தான் பிடிபட்டது, அதுவும் தற்செயலாக. அளப்பதற்காக ஒவ்வொரு முறை பேட்டரி நெகட்டிவைக் கழற்றி மாட்டும்போதும் அலாரம் தானாகவே அலறியது. திருடன் பேட்டரியைக் கழற்றி மாட்டி ஏமாற்றிவிடாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் பொறி தட்டியது: இராத்திரியிலும் யாரோ கழற்றி மாட்டுகிற மாதிரி, கரன்ட் விட்டு விட்டு வருகிறதோ? அலாரத்தின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே பெயின்ட் அடித்த ஒரு தகட்டில், பெயின்ட்டைச் சுரண்டாமலே போல்ட் போட்டு முடுக்கியிருந்தான். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை அந்தக் கறுப்பு வயரின் நுனியிலும் வைத்து, சைரனை ஓடவிட்டால் 1.8 வோல்ட். நல்ல எர்த் என்றால் 0.1-ஐத் தாண்டக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் நுனிக்கு நல்ல லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, நேரே பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவந்து இறுக்கினேன். 0.03. இராத்திரி குளிரில் இரும்பு சுருங்கி அந்தப் போல்ட் தொட்டும் தொடாமலும் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். அன்று இரவிலிருந்து அலறவில்லை என்பது மட்டும் ஊகமில்லை.

ஃபியூஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். அலாரத்தோடு வந்த ஃபியூஸ் ஹோல்டர் அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது, மாட்டவே இல்லை. சிவப்பு வயர் மொட்டையாக பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பி, ஹேண்டில் கழுத்தருகே வந்துபோகிறது. ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். நான் தினமும் பூட்டுகிற பக்கம் அது. அந்த இடுக்கில் வயர் நசுங்கி, பிளாஸ்டிக் தேய்ந்து, மினுமினுவென்று செம்பு தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அது ஃப்ரேமில் தொட்டிருக்கும், நேரே மேலே பெட்ரோல் டேங்க். இதைப் பார்த்த பிறகு எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, டீ குடித்துவிட்டுத்தான் மிச்ச வேலையைத் தொட்டேன். வயரை உள்பக்கமாக மாற்றி, ஸ்லீவ் போட்டு, பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் வைத்தேன். சீட்டைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடம். யார் மாட்டிக் கொடுத்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்த வயராவது இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பாருங்கள். அப்படியே சீட்டைத் திறந்து ஃபியூஸ் எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

இண்டிகேட்டர் வயரை நான் தொடவில்லை, அது மட்டும் சரியாக இருந்தது. இடது போட்டால் வலதும் சேர்ந்து மினுங்குகிறது என்றால் அலாரத்திலிருந்து வரும் இரண்டு இண்டிகேட்டர் வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், பிரித்துவிட்டால் போதும். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு வந்த தாளில் ஒரு நிறம் போட்டிருந்தது, கனெக்டரில் வேறு நிறம் இருந்தது. வண்டி பக்கமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரை வைத்து, சாவி போட்டால் 12 வருகிறதா, அணைத்தாலும் வருகிறதா, வரவே இல்லையா என்று பார்த்த பிறகே எதையும் இணையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலாரமும் கூலியும் 1,900, பேட்டரி 1,550, ரெகுலேட்டர் 1,150, கார்புரேட்டர் 200, லோடு ஆட்டோ 700, மீட்டர் 480, கனெக்டர் ஸ்லீவ் லக் எல்லாம் 230. மொத்தம் 6,210. இதில் வியாதியைக் குணப்படுத்தியது கடைசியில் சொன்ன 230-தான், பார்த்துச் சொன்னது அந்த 480. சார்ஜரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

அலாரத்தைக் கழற்றவில்லை, இவ்வளவு செலவு செய்த வீம்பு. 20 மில்லி ஆம்பியர் தினமும் ஓடுகிற வண்டிக்குப் பெரிய விஷயமில்லை. ஊருக்குப் போகும்போது மட்டும் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முன்சக்கரத்தைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு பூட்டிவிடுகிறேன். பொங்கலுக்கு ஐந்து நாள் போய் வந்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி, பை தோளில் இருக்கும்போதே சீட்டைத் திறந்து ஃபியூஸைச் சொருகினேன். கரன்ட் வந்ததும் அது அலறும் என்பதைத் தூக்கக் கலக்கத்தில் மறந்தே போனேன். ரிமோட்டைத் தேடி அணைப்பதற்குள் மாடி ஜன்னல் திறந்துவிட்டது. "வந்துட்டீங்களா தம்பி" என்றார் ஓனரம்மா. செல்ஃப் ஒரே அமுக்கில் எடுத்தது.